பக்கவாதச் சிகிச்சைக்குப் பிறகு ஸ்டேட்டின் மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்து, சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் ஒரு ஸ்டேட்டின் மாத்திரை இருக்கும். அது எதற்கு என்று கேட்டால் "கொழுப்புக்கு" என்ற ஒற்றைச் சொல் பதிலாகக் கிடைக்கிறது. அந்தப் பதில் தவறில்லை என்றாலும், நோயாளிக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் அது போதாது. வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே சற்று விரிவாகப் பதில் தரப்பட்டுள்ளது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்து வரும் பக்கவாதம் வேறு வகை. தேவைப்படும் இடத்தில் மட்டுமே அதைப் பற்றிய குறிப்பு வரும்.

இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு அளவு சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏன் இந்த மாத்திரை?

பரிசோதனைத் தாளில் அச்சிட்டிருக்கும் "இயல்பு அளவு" பொதுவான மக்களைக் கருதி வகுக்கப்பட்டது. இரத்தக் குழாய் அடைப்பு ஒருமுறை வந்துவிட்டவருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஆரோக்கியமான ஒருவருக்கு எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருந்தால் மருத்துவர் பெரிதாகக் கவலைப்படமாட்டார். கழுத்துத் தமனியிலோ மூளைத் தமனியிலோ கொழுப்புப் படிவு இருந்து, அதன் விளைவாகப் பக்கவாதம் வந்தவருக்கு அதே 120 அதிகம். 70-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். எனவே இந்த மாத்திரை உயர்ந்துபோன ஓர் எண்ணைச் சரிசெய்வதற்காக மட்டும் தரப்படுவதில்லை. அடைப்புக்கு இடம்கொடுத்த குழாய்ச் சுவரை அமைதிப்படுத்துவதும் அதன் நோக்கம்.

உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட்டார்கள், கட்டியை வெளியிலும் எடுத்துவிட்டார்கள். அடைப்பு நீங்கிய பிறகும் மாத்திரை வேண்டுமா?

வேண்டும். அந்தச் சிகிச்சைகள் செய்யும் வேலை ஒன்று, மாத்திரை செய்யும் வேலை வேறு. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் தரப்படும் ஆல்டிப்ளேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ் ஊசி, குழாயில் உறைந்து நிற்கும் இரத்தக் கட்டியைக் கரைக்க முயல்கிறது. பெரிய தமனி அடைபட்டிருந்தால், தொடைப் பகுதியிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்து எடுக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு அடுத்தடுத்து வெளியான ஐந்து ஆய்வுகள் இந்த முறைக்கு உறுதியான இடம் பெற்றுத் தந்தன. 2018-இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும்கூட இது செய்யப்படுகிறது.

இவை இரண்டும் அன்றைய அடைப்பை நீக்குபவை. அந்தக் கட்டி உருவாகக் காரணமாக இருந்த கொழுப்புப் படிவு அதே இடத்தில், அதே நிலையில் இருக்கிறது. அதன் மேற்பரப்பு மீண்டும் கிழிந்தால் மீண்டும் கட்டி உருவாகும். முதல் பக்கவாதத்துக்குப் பின்வரும் சில வாரங்களில்தான் இரண்டாவது பக்கவாதத்துக்கான அபாயம் மிக அதிகம் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

ஸ்டேட்டின் உடம்புக்குள் என்ன செய்கிறது?

கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் பாதையில் ஒரு முக்கியமான நொதி இருக்கிறது. ஸ்டேட்டின் அந்த நொதியைத் தடுக்கிறது. உற்பத்தி குறைவதால் கல்லீரல் செல்கள் தங்கள் மேற்பரப்பில் கூடுதலான ஏற்பிகளை உருவாக்கி, இரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்களை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து இவ்வகைப் பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் மருந்தான லோவாஸ்டாடினுக்கு 1987-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கொழுப்பைக் குறைப்பதற்கு அப்பாலும் சில விளைவுகள் உண்டு. இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரக்கிறது. குழாய் தளர்ந்து விரிய அது உதவுகிறது. அழற்சி தணிகிறது. கொழுப்புப் படிவை மூடியிருக்கும் மெல்லிய உறை தடித்து உறுதிப்படுகிறது. பக்கவாதம் உண்டாக்கப்பட்ட ஆய்வக எலிகளில், ஸ்டேட்டின் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தபோது மூளையில் சேதமடைந்த பரப்பு சிறியதாக இருந்தது என்று 1990-களின் இறுதியிலேயே காட்டப்பட்டது. மீட்சிக்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்படியானால் இதைச் சாப்பிட்டால் பேச்சும் கைகால் பலமும் விரைவில் திரும்புமா?

எல்லோரும் அறிய விரும்பும் கேள்வி இதுதான். இதற்குத்தான் ஒரே சொல்லில் பதில் சொல்ல இயலாது.

மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகளைப் படித்தால் நம்பிக்கை பெருகும். ஊசி போட்டவர்களானாலும், கட்டி எடுக்கப்பட்டவர்களானாலும், ஸ்டேட்டின் பெற்றவர்கள் மூன்று மாத முடிவில் பெறாதவர்களைவிட நன்றாக நடமாடினார்கள், குறைவாக இறந்தார்கள் என்று அவற்றுள் பல சொல்கின்றன. ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மருத்துவமனையில் முதல் நாளோ இரண்டாம் நாளோ மாத்திரை யாருக்குக் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நினைவோடு இருப்பவருக்கு, விழுங்க முடிந்தவருக்கு, மூளையில் இரத்தக் கசிவு இல்லாதவருக்கு, பிழைப்பார் என்று மருத்துவர் நம்புகிறவருக்குத்தான் கிடைக்கிறது. மிகக் கடுமையான தாக்குதலுக்கு உள்ளாகி முதல் இரண்டு நாளிலேயே இறந்துபோனவர் மாத்திரை பெறாதவர்களின் கணக்கில் போய்ச் சேர்கிறார். ஆக, நன்றாகத் தேறக்கூடியவர்களே ஒரு பக்கம் குவிந்துவிடுகிறார்கள். புகழ் மாத்திரைக்குப் போய்ச் சேர்கிறது. புள்ளியியல் முறைகளால் இந்தக் கோணலை ஓரளவு நிமிர்த்தலாம், முழுதாக நிமிர்த்த முடியாது.

இந்த ஐயத்தைத் தீர்க்க, குலுக்கல் முறையில் நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து நடத்தும் சோதனைதான் வேண்டும். ஜப்பானில் நடந்து 2017-இல் வெளியான அசார்ட் சோதனையில், சுமார் 250 நோயாளிகளுள் ஒரு குழுவுக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் மற்றொரு குழுவுக்கு ஏழாம் நாளிலும் ஸ்டேட்டின் தொடங்கப்பட்டது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறனில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சீனாவில் சுமார் 6,100 பேரைச் சேர்த்து நடத்தப்பட்ட இன்ஸ்பயர்ஸ் சோதனை அதைவிடப் பன்மடங்கு பெரியது. தமனிகளில் கொழுப்புப் படிவு இருந்து, லேசான பக்கவாதமோ தற்காலிகத் தாக்குதலோ (சிறிது நேரத்தில் தானாகவே மறைந்துவிடும் பக்கவாத அறிகுறிகள்) வந்தவர்களுக்கு, உடனடியாக அதிக அளவு அடோர்வாஸ்டாடின் தருவதையும் சில நாள் தாமதித்துத் தொடங்குவதையும் அது ஒப்பிட்டது. 90 நாளில் மறு பக்கவாதம் குறையவில்லை. ஆனால் இயலாமையோடு இருந்தவர்களின் விகிதம் உடனடிக் குழுவில் சற்றுக் குறைவாக இருந்தது. அந்தச் சோதனையின் முதன்மைக் கேள்வி அதுவல்ல என்பதால், அந்த முடிவை ஒரு நல்ல குறிப்பு என்று மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: அடுத்த தாக்குதலைத் தடுப்பதில் ஸ்டேட்டினின் பயன் நிறுவப்பட்டது, ஏற்கெனவே வந்த தாக்குதலிலிருந்து மீள்வதில் அதன் பங்கு இருந்தாலும் சிறியது. மாத்திரை தொடங்கி ஒரு மாதமாகியும் கை தூக்க வரவில்லை என்று அதைத் தூக்கி எறிபவர், அது செய்வதாக ஒருபோதும் சொல்லாத வேலைக்காக அதைத் தண்டிக்கிறார்.

பக்கவாதம் வருவதற்கு முன்பிருந்தே ஸ்டேட்டின் சாப்பிட்டு வந்தவர். மருத்துவமனையில் அதை நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது என்பதே பொது விதி. இதற்கு ஆதாரம் சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதன் முடிவு உலுக்கக்கூடியது. 2007-இல் ஸ்பானிய மருத்துவர்கள், ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுத்துவந்த 89 பக்கவாத நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு முதல் மூன்று நாள் மட்டும் ஸ்டேட்டின் நிறுத்தப்பட்டது. மற்றவர்களுக்கு 20 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின் தொடர்ந்து தரப்பட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு, இறந்தவர்களோ பிறரைச் சார்ந்து வாழ வேண்டிய நிலைக்கு ஆளானவர்களோ நிறுத்தப்பட்ட பிரிவில் 60 சதவீதம், தொடர்ந்த பிரிவில் 39 சதவீதம். மூன்று நாள் இடைவெளி இவ்வளவு செய்திருக்குமா என்று ஐயுறுவது நியாயமே. 89 பேர் என்பது மிகக் குறைந்த எண்ணிக்கை. ஆனால் திடீரென நிறுத்தும்போது குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி சட்டென்று வீழ்கிறது என்பது ஆய்வகத்தில் காணப்பட்ட ஒன்று. தொடர்ந்து கொடுப்பதால் தீங்கு எதுவும் தெரியவுமில்லை. எனவே வழிகாட்டுதல்கள் தொடரச் சொல்கின்றன.

நடைமுறையில் இது வேண்டுமென்றே நிறுத்துவதால் நடப்பதில்லை, விடுபட்டுப்போவதால் நடக்கிறது. அவசரத்தில் சேர்க்கும்போது வீட்டில் சாப்பிட்டுவந்த மருந்துகளின் பட்டியல் மருத்துவர் கைக்குப் போவதில்லை. நோயாளியால் பேச முடிவதில்லை. உடன் வருபவர் அந்த மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துவந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

புதிதாகத் தொடங்குவதானால் எப்போது? விழுங்க முடியாதவருக்கு என்ன வழி?

பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்குகிறார்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போட்டால் பலரிடம் அது தொடங்கப்படாமலே போய்விடுகிறது என்பது இதற்கு ஒரு நடைமுறைக் காரணம். பெரிய அளவில் மூளை பாதிக்கப்பட்டிருந்தாலோ கசிவு தென்பட்டாலோ மருத்துவர் சில நாள் காத்திருக்கலாம்.

பக்கவாதம் வந்தவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது. விழுங்கும் திறனைச் சோதித்து முடிக்கும் வரை வாய்வழியாக எதையும், தண்ணீரைக்கூட, தரக்கூடாது. அது மூச்சுக்குழாயில் போய் நிமோனியாவை உண்டாக்கும். ஸ்டேட்டினை நரம்பு ஊசியாகத் தரும் வழக்கம் இல்லை. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் பொருத்தியிருந்தால் மாத்திரையைப் பொடித்து நீரில் கலந்து அதன் வழியே தரலாம். எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது என்பதை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த ஸ்டேட்டின், எவ்வளவு? எல்டிஎல் எந்த அளவுக்கு இறங்க வேண்டும்?

எல்டிஎல் அளவைப் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைக்கும் சிகிச்சையை உயர் தீவிரச் சிகிச்சை என்கிறார்கள். நாளொன்றுக்கு 40 முதல் 80 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின், அல்லது 20 முதல் 40 மில்லிகிராம் ரோசுவாஸ்டாடின் இந்த வகையில் அடங்கும். ஆசிய வம்சாவளியினரின் இரத்தத்தில் ரோசுவாஸ்டாடின் கூடுதலாகத் தங்குகிறது என்பதால், அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கும்படி மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்கும் ரோசுவாஸ்டாடின் அளவைக் குறைக்க வேண்டும். அடோர்வாஸ்டாடினுக்கு அந்தத் திருத்தம் தேவையில்லை.

இலக்கு 70-க்குக் கீழ் என்பதன் பின்னணியில் பிரான்சிலும் தென் கொரியாவிலும் நடந்த ஒரு சோதனை இருக்கிறது. தமனிகளில் கொழுப்புப் படிவு இருந்த 2,860 நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு எல்டிஎல்லை 70-க்குக் கீழேயும், மற்றவர்களுக்கு 90-க்கும் 110-க்கும் இடையிலும் வைத்திருக்க முயன்றார்கள். பக்கவாதம், மாரடைப்பு உள்ளிட்ட பெரிய நிகழ்வுகள் முதல் பிரிவில் 8.5 சதவீதத்தினருக்கும் இரண்டாம் பிரிவில் 10.9 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. நிதி தீர்ந்துபோனதால் அந்தச் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது என்பது ஒரு குறை.

தொடங்கிய 4 முதல் 12 வாரத்துக்குள் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள். இலக்கு எட்டப்படவில்லை என்றால் ஸ்டேட்டின் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை. ஒவ்வோர் இரட்டிப்பும் எல்டிஎல்லை மேலும் சுமார் 6 சதவீதம் மட்டுமே குறைக்கும். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெடிமைபைச் சேர்ப்பதே அடுத்த படி. அதற்கும் இறங்காதவர்களுக்குத் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைத் தடுக்கும், தோலுக்கடியில் போடும் ஊசிகள் இருக்கின்றன.

ஸ்டேட்டின் மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கும் என்கிறார்களே?

இந்த அச்சம் காற்றில் பிறந்ததல்ல. 2006-இல் வெளியான ஸ்பார்க்கிள் சோதனையில், ஆறு மாதத்துக்குள் பக்கவாதமோ தற்காலிகத் தாக்குதலோ வந்த 4,731 பேருக்கு 80 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின் அல்லது மருந்தில்லா மாத்திரை தரப்பட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் மீண்டும் பக்கவாதம் வந்தவர்கள் மருந்துப் பிரிவில் 11.2 சதவீதம், மற்றதில் 13.1 சதவீதம். ஆனால் மூளைக் கசிவு மட்டும் எண்ணப்பட்டபோது மருந்துப் பிரிவில் 55 பேர், மற்றதில் 33 பேர். இரண்டு எண்களையும் மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கசிவில் சேர்ந்த சில பேரையும் உள்ளடக்கித்தான் மொத்தப் பக்கவாதங்கள் குறைந்திருக்கின்றன. அதாவது அடைப்புப் பக்கவாதத்தில் கிடைத்த லாபம் கசிவில் ஏற்பட்ட நட்டத்தை ஈடுகட்டி மிஞ்சியிருக்கிறது.

கசிவு யாருக்கு அதிகம் என்றும் அந்த ஆய்வாளர்கள் பார்த்தார்கள். முன்பே மூளைக் கசிவால் பக்கவாதம் வந்து சோதனையில் சேர்ந்தவர்கள், வயது கூடியவர்கள், ஆண்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் என்று பட்டியல் வந்தது. இதில் நம் கையில் இருப்பது கடைசி ஒன்றுதான். கசிவுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவதைவிட, இரத்த அழுத்தத்தைத் தவறாமல் அளந்து கட்டுக்குள் வைப்பது மேலான தற்காப்பு. முன்பே மூளைக் கசிவு வந்தவரின் நிலை மட்டும் வேறு. அவருக்கு ஸ்டேட்டின் தருவதா என்பதை நரம்பியல் மருத்துவர் தனியாக எடைபோட வேண்டும். கட்டி கரைக்கும் ஊசி போட்ட பிறகு வரக்கூடிய கசிவைப் பொறுத்தவரை, ஸ்டேட்டின் சாப்பிட்டு வந்தார் என்ற காரணத்துக்காக எவருக்கும் அந்த ஊசி மறுக்கப்படுவதில்லை.

இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனதால் பக்கவாதம் வந்தது. அவருக்கும் இது தேவையா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் அந்த நிலையில் கட்டி இதயத்தில் உருவாகி மூளைக்குப் போகிறது. அங்கே முதல் மருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துதான். ஸ்டேட்டின் அதற்கு மாற்றாகாது. சர்க்கரை நோயோ, இதயத் தமனி நோயோ, கழுத்துத் தமனியில் படிவோ உடனிருந்தால் இரண்டும் தேவைப்படும். பலருக்கு உடனிருக்கின்றன.

தசை வலி வந்தால் நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் சொல்லாமலும் இருக்க வேண்டாம். இந்த மாத்திரையைக் கைவிடுகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் தசை வலி. 2022-இல், மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய சோதனைகள் அனைத்தையும் சேர்த்து ஆராய்ந்தபோது, ஸ்டேட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதத்தினரும் மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதத்தினரும் தசை வலியோ பலவீனமோ சொன்னார்கள். வலி உண்மை, ஆனால் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட சமயங்களில் அதற்குக் காரணம் இந்த மாத்திரை இல்லை. கூடுதலான வலி தெரிந்த சிலருக்கும் அது பெரும்பாலும் முதல் ஆண்டில், லேசாகவே வந்தது.

பக்கவாதத்திலிருந்து தேறுகிறவரிடம் இதைப் பிரித்தறிவது இன்னும் கடினம். பாதிக்கப்பட்ட பக்கத் தோள் இறங்கி வலிக்கும். தசைகள் இறுகி இழுக்கும். பல வாரம் அசையாதிருந்த உடம்பு பயிற்சி தொடங்கியதும் நோகும். இவை பெரும்பாலும் ஒரு பக்கத்தில் இருக்கும். ஸ்டேட்டினால் வரும் வலி இரு தொடைகளிலும், இரு புஜங்களிலும் ஒரே மாதிரியாக, மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் வருவது வழக்கம். இயன்முறை மருத்துவரிடம் எந்தத் தசை, எப்போதிலிருந்து என்று குறித்துக்கொள்ளச் சொன்னால், மாத்திரை எழுதிய மருத்துவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் பயன்படும். தேவைப்பட்டால் அவர் தசைப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் என்ற இரத்தப் பரிசோதனை செய்வார், அளவைக் குறைப்பார், அல்லது வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றுவார்.

தசை உண்மையாகவே சிதையும் நிலை மிக அரிது. ஆனால் அது அவசர நிலை: தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ தேநீர் நிறத்திலோ போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கல்லீரல், சர்க்கரை, ஞாபக மறதி?

கல்லீரல் நொதிகள் சிலருக்கு உயர்கின்றன; 80 மில்லிகிராம் தந்த ஸ்பார்க்கிள் சோதனையில் நூற்றுக்கு இரண்டு பேரளவில் அது நீடித்தது. அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் இறங்கிவிடும். கல்லீரல் செயலிழப்பு மிகமிக அரிது.

சர்க்கரை நோய் சற்று முன்கூட்டியே வெளிப்படுகிறது என்பது உண்மை. உயர் அளவு மாத்திரையில் இது கூடுதல். ஆனால் அப்படி வெளிப்படுவது பெரும்பாலும் ஏற்கெனவே சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றவர்களிடம்தான். பக்கவாதம் வந்தவருக்கு எப்படியும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் இது சமாளிக்கக்கூடியது.

மறதி பற்றி: சிலர் குழப்பமும் மறதியும் சொல்வதால் 2012-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருந்துக் குறிப்பேட்டில் அதைச் சேர்த்தது, நிறுத்தினால் சரியாகிவிடும் என்றும் குறிப்பிட்டது. பெரிய சோதனைகளில் ஸ்டேட்டினால் அறிவுத்திறன் குறைந்ததாகத் தெரியவில்லை. பக்கவாதமே நினைவாற்றலைப் பாதிக்கும் நோய் என்பதை மறந்துவிட்டு மாத்திரைமீது பழி போடுவது எளிது.

வேறு மருந்துகளோடு சேர்ந்தால் சிக்கல் உண்டா?

சிம்வாஸ்டாடினிடம் சிக்கல் அதிகம். இரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபினுடன் சேர்க்கும்போது அதன் அளவு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, இட்ரகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள், உறுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு தரப்படும் சைக்ளோஸ்போரின், ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில் ஆகியவையும் கவலைக்குரியவை. தொற்றுக்காகச் சில நாள் மட்டும் மருந்து எழுதப்படும்போது ஸ்டேட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாள்களுக்கு மட்டும் அதை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் இரண்டின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரோசுவாஸ்டாடின் தொடங்கினால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைச் சில வாரம் அடிக்கடி பார்க்க வேண்டும்.

எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும்?

அடோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் உடலில் நெடுநேரம் நிற்பவை. எந்த நேரமும் சரியே, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். சிம்வாஸ்டாடின் மட்டும் இரவில். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகச் சாப்பிடக்கூடாது.

கொழுப்பு 60-க்கு வந்துவிட்டது. இனி நிறுத்தலாமா?

அந்த 60 மாத்திரையால் வந்த 60. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். தெளிவான தடை ஏதும் இல்லாதவரை இது நீண்டகால மருந்து. கருவுற்றவர்கள், கருவுறத் திட்டமிடுபவர்கள், பாலூட்டுபவர்கள் மட்டும் மருத்துவரிடம் உடனே பேச வேண்டும்; அவர்களுள் பெரும்பாலோருக்கு நிறுத்தச் சொல்வார்கள்.

வயது 75-ஐத் தாண்டிவிட்டதால் வேண்டாம் என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. நோயே வராத முதியவருக்குப் புதிதாகத் தொடங்குவதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஏற்கெனவே இரத்தக் குழாய் நோய் வந்துவிட்ட முதியவருக்குப் பயன் உண்டு என்பதை 2019-இல் 28 சோதனைகளைத் தொகுத்துச் செய்த ஆய்வு காட்டியது. படுக்கையிலேயே இருக்கும், எஞ்சிய காலம் குறைவான ஒருவருக்கு மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு கணக்கு. அதைக் குடும்பமும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.

மீட்சிக்கு உண்மையில் உதவுவது எது?

சிகிச்சை தொடங்கிய வேகம், அதற்குப் பிறகு பயிற்சி. பக்கவாதத்துக்கெனத் தனிப் பிரிவில், பயிற்சி பெற்ற குழுவினரின் கவனிப்பில் இருப்பவர்கள் பொது வார்டில் இருப்பவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள் என்பது பல சோதனைகளில் உறுதிப்பட்டது. பெருமளவு முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் தெரியும். பிறகு மெதுவாக, பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். ஆனால் முதல் நாளே எழுப்பி நடக்க வைப்பதும் நல்லதல்ல: 2015-இல் வெளியான அவர்ட் சோதனையில், 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடக்க வைக்கப்பட்டவர்களின் மூன்று மாத நிலை, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே இருந்தது. மனச்சோர்வைக் கண்டறிந்து சிகிச்சை தருவதும் பயிற்சியின் ஒரு பகுதியே. சோர்ந்திருப்பவர் பயிற்சிக்கு வருவதில்லை, மாத்திரையும் சாப்பிடுவதில்லை.

மருத்துவரை அடுத்த முறை சந்திக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

பக்கவாதம் எந்தக் காரணத்தால் வந்தது, பெரிய தமனியா, மூளையின் நுண்குழாயா, இதயமா என்று முதலில் கேளுங்கள். மற்ற முடிவுகள் அதிலிருந்து பிறக்கின்றன. உங்களுக்கான எல்டிஎல் இலக்கு எவ்வளவு, கடைசிப் பரிசோதனையில் எவ்வளவு இருந்தது, அடுத்த பரிசோதனை எப்போது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கான இலக்கையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். மாத்திரையை இடையில் சில நாள் விட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். எல்டிஎல் குறையவில்லை என்று பார்த்த மருத்துவர், நீங்கள் சாப்பிடாத மாத்திரையின் அளவைத்தான் கூட்டி எழுதுவார்.